முகத்தில் முடி, கையில் ஹார்மோன் மாத்திரை: மருந்துக் கடையில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள்

சில மருந்துச் சீட்டுகள் மட்டும் நான்காக மடிந்து வரும். கடையில் வேறு ஆள் யாரும் இல்லாத நேரம் பார்த்து வரும். பிரித்தால் ஒரு கருத்தடை மாத்திரையும், சில சமயம் கூடவே ஒரு நீர் பிரியும் மாத்திரையும் இருக்கும். கொண்டுவந்த பெண்ணின் விரல் தன்னையறியாமல் தாடையைத் தடவிக்கொண்டிருக்கும். மருந்தாளுநராக இத்தனை வருடங்களில் இந்தச் சீட்டுகளோடு வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது மருந்து. உங்கள் உடம்பைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

எனக்கு இருப்பது சாதாரணப் பூனை முடியா, சிகிச்சை தேவைப்படும் முடியா?

பூனை முடி மெல்லியது, நிறம் குறைந்தது, எல்லாப் பெண்களுக்கும் இருப்பது. அதற்கு ஹார்மோன் மாத்திரை தேவையில்லை, கொடுத்தாலும் பயனில்லை. ஆண்களுக்கு வளரும் இடங்களில் கறுப்பாக, தடிப்பாக, விரலுக்குத் தட்டுப்படும்படி வளர்வதைத்தான் டாக்டர்கள் ஹிர்சூட்டிசம் என்கிறார்கள். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, முதுகின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி, மேல்கை, தொடை என்று 9 இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் கொண்டுவந்த முறை இது, பிறகு திருத்தப்பட்டது. மொத்தம் 36-க்கு 8 வந்தால் கூடுதல் என்பது பழைய கணக்கு. எல்லா இனத்தாருக்கும் ஒரே எல்லை பொருந்தாது என்பதால், 4 முதல் 6 வந்தாலே கவனிக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள்.

இதில் எனக்கொரு சின்ன மனத்தாங்கல் உண்டு. மொத்த மதிப்பெண் 5 மட்டும் வாங்கிய பெண்ணுக்கு அந்த 5-இல் 4-உம் தாடையிலேயே இருந்தால், கண்ணாடி முன்னால் நிற்கும்போது இந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு ஆறுதல் தராது. டாக்டரிடம் மதிப்பெண்ணைச் சொல்வதோடு, வாரத்துக்கு எத்தனை தடவை பிடுங்குகிறீர்கள், எத்தனை நாள் வெளியே போகாமல் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இது ஏன் வருகிறது? எல்லாருமே பிசிஓடி என்கிறார்களே?

பெரும்பாலும் அதுதான். ஹிர்சூட்டிசத்தோடு வருபவர்களில் 100-க்கு 70 முதல் 80 பேருக்குக் காரணம் பிசிஓடி, அதாவது பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. கருப்பை பக்கத்துச் சினைப்பைகள் ஆண் ஹார்மோனைக் கொஞ்சம் அதிகமாகச் சுரக்கின்றன. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகப்பரு, உச்சந்தலையில் முடி மெலிவது எல்லாம் கூடவே வரலாம். இன்னும் சிலருக்கு விலக்கு ஒழுங்காக வரும், ரத்தத்தில் ஹார்மோன் அளவும் சரியாக இருக்கும், ஆனாலும் முடி வளரும். முடியின் வேர் அந்தச் சாதாரண அளவு ஹார்மோனுக்கே அதிகமாக ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே இருக்கும் லேசான கோளாறு, உடம்பில் ஸ்டீராய்டு ஹார்மோன் மிகும் குஷிங் நோய், மிக அரிதாகக் கட்டி ஆகியவையும் காரணமாகலாம்.

கடைக்காரியாக நான் முதலில் கேட்பது வேறு. தலைமுடி கொட்டுகிறது என்று மினாக்ஸிடில் தடவுகிறீர்களா? அது வழிந்து நெற்றியோரத்திலும் கன்னத்திலும் முடியை வளர்க்கும். மாத்திரையாகச் சாப்பிட்டால் இன்னும் கூடுதல். முகம் வெளுக்க என்று யாரோ சொன்ன ஸ்டீராய்டு கலந்த கிரீமை மாதக்கணக்கில் பூசுகிறீர்களா? அதுவும் பூசிய இடத்தில் முடியை வளர்க்கும். இவை இரண்டும் ஹார்மோன் மாத்திரையால் சரியாகாது. காரணத்தை விட்டால்தான் தீரும். ஸ்டீராய்டு கிரீமை வெகுநாள் பூசியவர்கள் மட்டும் பட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள், முகம் எரிந்து சிவந்துவிடும். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுபவர்களும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனை எப்போது எடுப்பது?

மாத்திரை தொடங்குவதற்கு முன்பு. இதை அழுத்திச் சொல்கிறேன். கருத்தடை மாத்திரை தொடங்கிவிட்டால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்துதான் காட்டும், உண்மை நிலவரம் தெரியாமல் போய்விடும். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்ட்ரோன் என்று எழுதுவார்கள். கடைசியாகச் சொன்னதை விலக்கு வந்த முதல் சில நாட்களுக்குள் காலை நேரத்தில் எடுப்பது நல்லது.

என் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறாரே, டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அம்மா. பெட்டியின்மேல் என்ன அச்சடித்திருந்தாலும், இங்கே அதற்கு வேலை வேறு.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்ற ஹார்மோனை அனுப்பித்தான் சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கச் சொல்கிறது. மாத்திரை அந்த உத்தரவைத் தணிக்கிறது, அதனால் சுரப்பது குறைகிறது. இது ஒரு பக்கம். மாத்திரையில் உள்ள எஸ்ட்ரோஜன் கல்லீரலை எஸ்எச்பிஜி என்ற புரதத்தை அதிகமாகச் செய்ய வைக்கிறது. ரத்தத்தில் அலையும் டெஸ்டோஸ்டிரோனை அந்தப் புரதம் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும். கட்டப்பட்ட ஹார்மோன் முடியின் வேருக்குள் போக முடியாது. சுரப்பதும் குறைந்து, சுரந்ததும் கட்டுப்பட்டுவிட்டால் முடி வேருக்குக் கிடைக்கும் தீனி குறைந்துவிடும். அதனால்தான் குழந்தைக்கு இப்போது முயலாத பெண்களுக்கு இதுவே முதல் மருந்து என்று 2018-இல் வந்த, ஹார்மோன் டாக்டர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகுமோ என்ற பயம் வேண்டாம். மாத்திரை கருப்பையைக் கெடுப்பதில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களில் பழைய சுழற்சி திரும்பும். பழைய சுழற்சியே தாறுமாறாக இருந்தவர்களுக்கு அந்தத் தாறுமாறு திரும்பும். அப்போது பழி மாத்திரைமேல் விழும், பாவம் அது என்ன செய்யும்.

டயேன்-35, யாஸ்மின், மாலா-என் என்று பல பெயர். எது நல்லது?

டயேன்-35-இல் 35 மைக்ரோகிராம் எஸ்ட்ரோஜனும் 2 மில்லிகிராம் சைப்ரோட்டெரோனும் உண்டு. யாஸ்மினில் 30 மைக்ரோகிராம் எஸ்ட்ரோஜனும் 3 மில்லிகிராம் டிரோஸ்பைரினோனும். இந்த இரண்டாவது சரக்குகளுக்கு ஆண் ஹார்மோனை எதிர்க்கும் குணம் தனியாகவே உண்டு என்பதால் டாக்டர்கள் இவற்றை விரும்பி எழுதுகிறார்கள். அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் எஸ்ட்ரோஜனோடு இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல். அதற்கு லேசான ஆண் ஹார்மோன் சாயல் உண்டு என்று காகிதத்தில் சொல்வார்கள். ஆனால் முடியைக் குறைப்பதில் மாத்திரைகளுக்குள் பெரிய வித்தியாசம் இருப்பதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. மேலே சொன்ன வழிகாட்டுதலும் இதில் ஒன்றை மற்றதைவிட உயர்த்திச் சொல்லவில்லை. விலை கட்டுப்படியாகாமல் மூன்றாம் மாதம் விட்டுவிடும் விலை உயர்ந்த மாத்திரையைவிட, ஒரு வருடம் விடாமல் சாப்பிடும் மாலா-என் மேல். இது என் கருத்து. உங்களுக்கு எது என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

சஹேலி அல்லது சாயா மாத்திரை வாரம் ஒன்று போட்டால் போதுமே, அதைத் தரலாமா என்றும் கேட்கிறார்கள். கருத்தடைக்கு அது சரி. அதில் எஸ்ட்ரோஜன் கிடையாது, முடிக்கு அது மருந்து இல்லை.

ரத்தம் உறைந்துவிடும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியவர்கள் சிலர், விசாரித்துவிட்டுச் சாப்பிட வேண்டியவர்கள் எல்லாரும். எண்ணிக்கையைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 2 பேருக்குக் கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை சாப்பிட்டால் 5 முதல் 7 பேர். டிரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் வகைகளில் 9 முதல் 12. சைப்ரோட்டெரோன் வகையும் கிட்டத்தட்ட இந்த உயர்ந்த பக்கம்தான். ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் எடுத்துச்சொன்ன கணக்கு இது. பிரான்சில் அந்த வருடம் டயேன்-35 விற்பனையே சில காலம் நிறுத்தப்பட்டிருந்தது. கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் ரத்தம் உறைவதற்கு இவை எல்லாவற்றையும்விட அதிக வாய்ப்புள்ள காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்பே ரத்தம் உறைந்தவர், வீட்டில் அக்கா அம்மாவுக்கு இளவயதில் உறைந்தவர், கண்முன் மின்னல் போலக் கோடு தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு உள்ளவர், மார்பகப் புற்று வந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர் இவர்களெல்லாம் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். தோழிக்குச் சரியானது என்று அவள் அட்டையில் பாதியை வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வராத மாதிரி கடுமையான தலைவலி வந்தால் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கும், வலிப்புக்குக் கார்பமசெபைன், ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கும் இந்த மாத்திரையின் வேலை குறைந்துவிடும். அதையும் சொல்லுங்கள்.

நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன். முடி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. இந்த மாத்திரை முடியை உதிர்க்கும் மாத்திரை இல்லை என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் விஷயம்.

ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. முகத்து முடி வளரும் கட்டம் சுமார் 4 மாதம், பிறகு ஓய்வு, பிறகு உதிர்வு. நீங்கள் மாத்திரை தொடங்கிய நாளில் தாடையில் நின்ற முடிகள் பழைய ஹார்மோன் அளவில் முளைத்தவை. அவை தங்கள் ஆயுளை முடித்துவிட்டுத்தான் போகும். அடுத்த தலைமுறை முடிதான் கொஞ்சம் மெல்லியதாக, கொஞ்சம் மெதுவாக வரும். ஆகவே ஆறு மாதத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை, ஒன்பது மாதம், ஒரு வருடம் கூட ஆகலாம். முதலில் தெரியும் மாற்றமும் நீங்கள் நினைக்கும் மாற்றமாக இருக்காது. வாரம் இரண்டு தடவை த்ரெட்டிங் போனவர் பத்து நாளுக்கு ஒரு தடவை போவார். முடி இழுக்கும்போது சுலபமாக வரும். பரு அதற்கு முன்பே அடங்கியிருக்கும்.

ஒரு உபாயம்: தொடங்கிய நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் தாடையை ஒரு படம் எடுத்து வையுங்கள், கடைசியாக முடி எடுத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. என் அனுபவத்தில் இந்தச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் மருந்தால் இல்லை, மூன்றாவது அட்டையோடு நிறுத்திவிடுவதால்தான்.

ஸ்பைரோனோலாக்டோனும் எழுதியிருக்கிறார். என் மாமாவுக்கு இதயத்துக்குக் கொடுத்த மாத்திரை ஆச்சே?

அதே நீர் பிரியும் மாத்திரைதான். ஆல்டாக்டோன் என்ற பெயரில் பலர் வீட்டில் இருக்கும். உடம்பில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கச் செய்யப்பட்ட மருந்து. ஆனால் அது ஆண் ஹார்மோன் உட்காரும் இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். டெஸ்டோஸ்டிரோன் வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருக்காது. சாப்பிட்ட ஆண்களுக்கு மார்பு பெருப்பதும் இந்தக் குணத்தால்தான். அந்தப் பக்கவிளைவையே பெண்களின் முடிக்கு மருந்தாக்கிக்கொண்டார்கள்.

வழக்கமாகக் கருத்தடை மாத்திரையை 6 மாதம் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால்தான் இதைச் சேர்ப்பார்கள். ஒரு நாளைக்கு 50-இல் தொடங்கி 200 மில்லிகிராம் வரை போகும். அடிக்கடி சிறுநீர், எழுந்தால் தலைசுற்றல், விலக்கு சீக்கிரம் சீக்கிரமாக வருவது ஆகியவை இருக்கலாம். காலையில் போட்டால் ராத்திரி எழுந்திருக்கும் தொல்லை குறையும்.

பொட்டாசியத்தைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்து அதை உடம்பிலேயே தங்கவைக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளம்பெண்ணுக்கு அது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரை கூடவே சாப்பிட்டாலோ ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். யாஸ்மினில் உள்ள டிரோஸ்பைரினோனும் இதே குடும்பம்தான், 3 மில்லிகிராம் என்பது சுமார் 25 மில்லிகிராம் ஸ்பைரோனோலாக்டோனுக்குச் சமம். கோடை வந்ததும் தினம் இரண்டு இளநீர் என்ற பழக்கம் உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய.

இனி முக்கியமான ஒன்று. இதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியை இந்த மருந்து குலைக்கக்கூடும். அதனால்தான் கருத்தடை மாத்திரையோடு சேர்த்து எழுதுகிறார்கள். பலர் "முடிக்கு இது ஒன்று போதும்" என்று கருத்தடை அட்டையை மட்டும் திருப்பிக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜோடியாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது.

ஃபினாஸ்டரைடு, ஃப்ளூட்டமைடு?

ஃபினாஸ்டரைடு டெஸ்டோஸ்டிரோன் இன்னும் வீரியமான வடிவமாக மாறுவதைத் தடுக்கும். பெண்களுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம் கொடுப்பார்கள். கர்ப்ப விஷயத்தில் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு. ஃப்ளூட்டமைடு வேலை செய்யும், ஆனால் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கி உயிரிழப்பு வரை போயிருக்கிறது. முடிக்காக அந்த விலை வேண்டாம். சைப்ரோட்டெரோனைத் தனியாகப் பெரிய அளவில் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு மூளையுறையில் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2020-இல் ஐரோப்பாவில் அதன் பயன்பாட்டைக் குறுக்கினார்கள்.

மெட்ஃபார்மின் சாப்பிட்டால் முடி குறையுமா?

குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும், விலக்கு ஒழுங்காவதற்கும் உதவும், பிசிஓடி உள்ளவருக்கு அதற்காக எழுதுவார்கள்.

மாத்திரையால் உடம்பு போடுமா?

முதல் இரண்டு மூன்று மாதம் லேசான உப்புசம், குமட்டல், மார்பகத்தில் வலி, இடையில் சொட்டுக் கசிவு வரலாம், பிறகு அடங்கும். பெருத்துப்போவதற்கு மாத்திரைதான் காரணம் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

சாப்பிடும்போது த்ரெட்டிங், சவரம் செய்யலாமா? சவரம் செய்தால் தடிப்பாக வளருமாமே?

தாராளமாகச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆறு மாதம் தாடியோடு காத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சவரத்தால் முடி தடிக்காது. வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மெழுகும் த்ரெட்டிங்கும் கறுப்புத் தோலில் சிலருக்குத் தழும்பும் உள்முடியும் தரும்.

லேசர் செய்வதானால் நம் நிறத்துக்கு என்டி-யாக் அல்லது டயோடு வகை பாதுகாப்பு. ஆறு எட்டு தடவை போக வேண்டும். ஆண் ஹார்மோன் கூடுதலாக இருக்கும்போது மாத்திரை இல்லாமல் லேசர் மட்டும் செய்தால், எரித்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதுமுடி முளைக்கும். சிலருக்கு லேசரே முடியைத் தூண்டிவிடுவதும் உண்டு. எஃப்ளோர்னித்தின் என்ற 13.9 சதவீத கிரீம் ஹார்மோன் மருந்து இல்லை, முடி வளரும் வேகத்தை மட்டும் குறைக்கும். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு ஊசியாகப் போடப்பட்ட மருந்து அது. நிறுத்தினால் சுமார் 8 வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி, புதினா டீ?

பாட்டிகள் காலத்திலிருந்து மஞ்சள் தேய்க்கிறோம். தேய்க்கும்போது பூனை முடி கொஞ்சம் உதிரலாம், தடித்த முடியின் வேருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. தோலுக்கு ஒத்துக்கொண்டால் பூசுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். ஸ்பியர்மின்ட் என்ற புதினா வகை டீயை ஒரு மாதம் குடிக்கவைத்த சிறிய ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் இறங்கியது, டாக்டர்கள் எண்ணிய முடி மதிப்பெண் இறங்கவில்லை.

எப்போது சும்மா இருக்கக் கூடாது?

சில மாதங்களுக்குள் மளமளவென்று முடி வளர்ந்தால், குரல் கரகரத்து ஆண் குரலானால், ஆண்களைப்போல முன்வழுக்கை விழுந்தால், பெண்குறியின் மேல்பக்க மொட்டு (கிளிட்டோரிஸ்) பெரிதானால், மாதவிலக்கு நின்றபின் புதிதாகத் தாடி வந்தால் மாத்திரை கேட்டு வராதீர்கள். சினைப்பையிலோ அட்ரினலிலோ கட்டி இல்லை என்று ஸ்கேன் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நிறுத்தினால் திரும்ப வருமா?

பெரும்பாலும் வரும், சில மாதங்களில். காரணம் உள்ளேயே இருக்கிறதே. எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்திருந்தால் திரும்பும் வேகம் குறையலாம். லேசரில் போன முடிகளும் அவ்வளவாகத் திரும்பாது.

மூன்று மாதத்தில் கல்யாணம். அதற்குள் சரியாகிவிடுமா?

மாத்திரையால் ஆகாது, முகூர்த்தத்துக்காக அதைத் தொடங்காதீர்கள். லேசருக்கு இன்றே தோல் டாக்டரைப் பாருங்கள், மாதம் ஒன்று வீதம் இரண்டு மூன்று தடவை முடியும். லேசருக்குப் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பிருந்தே பிடுங்குவதும் மெழுகும் வேண்டாம், வேர் உள்ளே இருந்தால்தான் லேசர் பிடிக்கும். இடையில் சவரம்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு த்ரெட்டிங், அன்றைக்கே செய்தால் சிவந்துவிடும்.

அப்புறம் டாக்டரிடம் ஒரு விஷயத்தைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்: கல்யாணம் ஆனதும் குழந்தை வேண்டுமா, ஒரு வருடம் தள்ளிப்போடப் போகிறீர்களா என்று. உடனே வேண்டும் என்றால் ஸ்பைரோனோலாக்டோனும் ஃபினாஸ்டரைடும் உங்கள் சீட்டில் இருக்கவே கூடாது. ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால், முயற்சி தொடங்குவதற்கு எவ்வளவு முன்பு நிறுத்த வேண்டும் என்பதைத் தேதி போட்டே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.